கையெழுத்துக்கு முன் ஒரு கேள்வி

மனிதன் தன் வாழ்நாளில் இடும் கையெழுத்துகள் எண்ணிலடங்கா. அவற்றுள் பெரும்பாலானவை மறுநாளே மறக்கப்படுவன. ஆனால், வீட்டையோ நிலத்தையோ வாங்குவதற்காக இடும் கையெழுத்து அத்தகையதன்று. கடந்த இருபதாண்டுச் சேமிப்பும் இனிவரும் முப்பதாண்டு உழைப்பும் அந்த ஒரு கோட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. அக்கையெழுத்து இடப்படும் மேசையின் மறுபுறத்தில் ஒருவர் அமர்ந்திருக்கிறார். தாள்களைப் புரட்டி, "இங்கே ஒன்று, இங்கே ஒன்று" என்று விரலால் சுட்டுகிறார். அவரே வழக்கறிஞர். அவர் யாருக்காக அங்கே அமர்ந்திருக்கிறார்? இக்கேள்வியைக் கேட்டபின் கையெழுத்திடுவோர் சிலர். கேளாமலே இடுவோர் பலர். கேளாமல் விடுவது பணிவா, பேதைமையா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

சிலாங்கூரின் வடபகுதியில், உலு சிலாங்கூர் மாவட்டத்தில் அமைந்தது பத்தாங் காலி. அதனைச் சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் அணிவகுத்து நின்றன. பின்னர்ச் செம்பனை வந்தது. அதன்பின் தாமான்கள் வந்தன. பால்மரம் வெட்டியவரின் பேரன் இன்று தொழிற்சாலையில் மேற்பார்வையாளராகவோ, பள்ளியில் ஆசிரியராகவோ, சொந்த லாரி வைத்திருப்பவராகவோ இருக்கிறான். குடியிருக்க ஒரு வீடு வாங்கியாயிற்று. வாடகைக்கு விட இன்னொன்று வாங்கலாம், பிள்ளைகளின் படிப்புக்கு ஆகும் என்று எண்ணுகிறான். இவ்வெண்ணம் தவறன்று. லயத்து வீட்டில் பிறந்த குலம் இரண்டாம் வீட்டுக்கு உரிமை கொள்வது ஓர் ஏற்றமே. ஆயினும், அவன் புதியவன். விலையைப் பற்றித் தரகரிடம் கேட்பான். வட்டியைப் பற்றி வங்கியில் கேட்பான். அறைகளின் அளவைப் பற்றி மனைவியோடு கலந்து பேசுவான். வழக்கறிஞரைப் பற்றி மட்டும் எவரிடமும் கேட்பதில்லை. "தரகர் காட்டியவர் இருக்கிறாரே" என்பதோடு அவன் விசாரணை முடிந்துவிடுகிறது.

நிலம் மண்ணால் ஆனது. நிலவுரிமையோ தாளால் ஆனது. இவ்வேறுபாட்டைத் தோட்டத்து மக்களைப் போல் கசப்போடு கற்றவர் பிறர் இலர். இராபர்ட் டாரன்ஸ் என்பவர் 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் தொடங்கிவைத்த நிலப்பதிவு முறை, 1891இல் ஒரு பதிவுச் சட்டத்தின் வழியாகச் சிலாங்கூருக்கு வந்தது. நிலத்தில் எவர் உழைத்தார், எவர் காடு வெட்டினார் என்பதை அம்முறை வினவுவதில்லை. பதிவேட்டில் எவர் பெயர் உள்ளது என்பதையே வினவும். 1966 ஜனவரி முதல் நாளன்று நடப்புக்கு வந்த தேசிய நிலச் சட்டமும் இவ்வடித்தளத்தின் மேலேயே எழுந்தது. ஒவ்வொரு மரத்தின் பட்டையையும் விரல் நுனியால் அறிந்திருந்த தொழிலாளியின் பெயர் அப்பதிவேட்டில் எங்கும் இல்லை.

அதன் விளைவு 1950களில் வெளிப்பட்டது. ஐரோப்பிய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுச் சென்றனர். வாங்கியவர்கள் அவற்றைக் கூறுபோட்டு விற்றனர். தோட்டத் துண்டாடல் என்று வரலாறு குறிக்கும் அக்கொடுமையால் தொழிலாளர்கள் வேலையை மட்டுமன்றிக் கூரையையும் இழந்தனர். அந்நிலையில்தான், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்த பங்குப் பணத்தைக் கொண்டு தோட்டங்கள் வாங்கப்பட்டன. கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் அதன் முதல் கொள்முதல். தனியொருவனால் படிக்கவோ பேரம் பேசவோ இயலாத பத்திரத்தை, அவனுக்காகப் படிக்கவும் பேசவும் ஒரு நிறுவனம் நின்றது. அச்சங்கத்தின் சிறப்புப் பணத்தைத் திரட்டியதில் மட்டும் அடங்குவதன்று. மேசையின் இப்புறத்தில் தொழிலாளிக்காக ஒருவரை உட்கார வைத்ததிலும் அடங்கும்.

இன்று வீடு வாங்குபவன் தனியாகவே அம்மேசைக்குச் செல்கிறான். அங்கே அவனுக்காக உட்கார்ந்திருப்பவர் எவர்?

ஒரு வீட்டுக் கொள்முதலில் வழக்கறிஞர்கள் மூவர் வந்துபோக இடமுண்டு. விற்பவருக்கு ஒருவர், வாங்குபவருக்கு ஒருவர், கடன் தரும் வங்கிக்கு ஒருவர். மூன்று பணிகளும் மூன்று வேறு கடமைகள். புதிய வீடாயின், மேம்பாட்டு நிறுவனத்தின் விளம்பரப் பலகையில் "வழக்கறிஞர் கட்டணம் இலவசம்" என்ற வாசகம் பெரும்பாலும் காணப்படும். வாங்குபவன் மகிழ்கிறான். நிறுவனம் காட்டும் அலுவலகத்திற்குச் செல்கிறான். அங்கிருப்பவர் இனிமையாகப் பேசுகிறார், தேநீர் தருகிறார். அவரைத் தன் வழக்கறிஞர் என்றே அவன் எண்ணுகிறான். அவரோ நிறுவனத்தின் வழக்கறிஞர். வீடமைப்பு நிறுவனத்துக்காகச் செயற்படும் வழக்கறிஞர் அதே விற்பனையில் வாங்குபவருக்காகவும் செயற்படலாகாது என்று 1976ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழிற் சட்டம் 84ஆம் பிரிவில் விதித்துள்ளது. ஆகவே, அவர் அவனை ஏமாற்றவில்லை. அவனுக்குரியவர் என்று அவர் சொல்லவும் இல்லை. அவன்தான் கேட்கவில்லை. சட்டத்தின் பார்வையில் அவன் வழக்கறிஞரின்றிக் கையெழுத்திட்டவன்.

வங்கியின் வழக்கறிஞர் நிலை இதனினும் விந்தையானது. கடன் பத்திரங்களைத் தயாரிக்க அவருக்குரிய கட்டணத்தைக் கொடுப்பவன் கடன் வாங்குபவனே. ஆனால், அவர் காப்பது வங்கியின் நலனை. பணம் கொடுத்தவனுக்கே வழக்கறிஞர் உரியவர் என்ற எளிய கணக்கு இங்குப் பொய்த்துவிடுகிறது. எவர் நலனைக் காப்பதாக ஒருவர் பொறுப்பேற்றாரோ அவருக்கே அவர் கடமைப்பட்டவர். எனவே, "கட்டணத்தை யார் தருவது?" என்பது இரண்டாம் கேள்வி. "நீங்கள் யாருக்காகச் செயற்படுகிறீர்கள்?" என்பதே முதற் கேள்வி.

"வழக்கறிஞர் கற்றவர், சட்டத்தின் முன் உறுதிமொழி எடுத்தவர், அவரை நோக்கி இப்படி வினவுவது அவமதிப்பன்றோ?" என்று சிலர் கேட்கலாம். இதற்குத் தோட்டத்து நினைவு ஒன்றே விடை தரும். வெட்டுத் தொழிலாளி பால் வாளியைச் சுமந்து வந்து நிறுவைக்கு வைப்பார். கிராணி நிறுத்துப் பார்த்துப் புத்தகத்தில் எழுதுவார். கிராணி நேர்மையானவராகவே இருக்கலாம். ஆயினும், தராசும் முதலாளியுடையது, புத்தகமும் முதலாளியுடையது, எழுதுபவரும் முதலாளியின் ஆள். தொழிலாளியின் பக்கத்தில் இன்னொரு தராசு இல்லை. குறை கிராணியின் குணத்தில் இல்லை. அவர் நின்ற இடத்தில் இருந்தது. எதிரெதிர் நலன் கொண்ட இருவருக்கு ஒருவரே உண்மையாய் இருத்தல் அரிது. மேம்பாட்டு நிறுவனம் ஆண்டுதோறும் நூறு கோப்புகளை அனுப்பும். வாங்குபவனோ வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோ வருவான். மனித மனம் எப்பக்கம் சாயும் என்பதை அறிந்தே சட்டம் அக்கோட்டைக் கிழித்தது. சட்டமே கிழித்த கோட்டைச் சுட்டிக் கேட்பது அவமதிப்பாகாது.

வழக்கறிஞரைத் தேர்வதில் இன்னொரு வழக்கமும் மக்களிடையே உண்டு. "அவர் நம்மவர்" என்பது அது. ஒரே தோட்டத்தில் பிறந்தவர், ஒரே கோவில் திருவிழாவில் காவடி எடுத்தவர், மாமன் வழியில் உறவினர் என்ற அடிப்படையில் நம்பிக்கை வைக்கப்படுகிறது. இதனை முற்றாக இகழ்வதற்கில்லை. ஆங்கிலத்திலும் மலாயிலும் எழுதப்பட்ட பத்திரத்தைத் தமிழில் விளக்கிச் சொல்லும் ஒருவர், எழுத்தறிவு குறைந்த ஒரு தாய்க்கு ஆற்றும் உதவி சிறிதன்று. புரியாத தாளில் இடும் கையெழுத்து, கண்கட்டி நடப்பதற்கு ஒப்பாகும். மொழி அறிந்தவர் அக்கட்டை அவிழ்க்கிறார். ஆனால், உறவு என்பது தகுதிக்குச் சான்றாகாது. குற்ற வழக்குகளில் சிறந்து விளங்கும் உறவினர், நிலத் துறையில் அனுபவமற்றவராக இருக்கலாம். மேலும், உறவினரிடம் கேள்வி கேட்கக் கூச்சம் வருகிறது; கூச்சம் வந்த இடத்தில் விசாரணை நின்றுபோகிறது.

கேட்க வேண்டியவை அரியவையும் அல்ல. அவ்வாண்டுக்குரிய தொழில் அனுமதிச் சான்றிதழ் அவரிடம் உண்டா? வழக்கறிஞர் மன்றத்தின் பதிவேட்டில் இதனை எவரும் பார்த்துக்கொள்ளலாம். நிலக் கொள்முதலில் அவருக்குப் பழக்கம் உண்டா? கோப்பை அவர் பார்ப்பாரா, எழுத்தரிடம் ஒப்படைத்துவிடுவாரா? இதே விற்பவருக்கு முன்னர்ச் செயற்பட்டதுண்டா? முன்பணம் எந்தக் கணக்கில் வைக்கப்படும்? வாடிக்கையாளரின் பணத்தைத் தம் சொந்தப் பணத்தோடு கலவாமல் தனிக்கணக்கில் வைத்தல் வழக்கறிஞரின் சட்டக் கடமை. கட்டணமும் மறைபொருளன்று, அது அரசாணையால் வரையறுக்கப்பட்டது. 2023இன் ஆணைப்படி, விலையில் முதல் 5 இலட்சம் வெள்ளி வரை நூற்றுக்கு 1.25 வீதம். அதாவது, 4 இலட்சம் வெள்ளி வீட்டுக்கு 5,000 வெள்ளி. இதனை மிச்சப்படுத்துவதற்காகத் தனக்கென ஒருவரை வைத்துக்கொள்ளாதவன், 4 இலட்சத்தைக் காவலின்றி விட்டுச் செல்கிறான்.

அக்காவல் எத்தகையது? நல்ல வழக்கறிஞர் முதலில் நில அலுவலகப் பதிவேட்டைத் தேடிப் பார்ப்பார். விற்பவர் பெயரும் பதிவேட்டுப் பெயரும் ஒன்றா? நிலம் வேறெவர்க்கும் ஈடாக உள்ளதா? எவரேனும் தடையுரிமை பதிந்துள்ளனரா? நிரந்தர உரிமையா, 99 ஆண்டுக் குத்தகையா? குத்தகையாயின் எஞ்சியவை எத்தனை ஆண்டுகள்? கைமாற்ற மாநில அரசின் ஒப்புதல் வேண்டுமா? மலாய் ஒதுக்கீட்டு நிலமா? வேளாண்மைக்கு உரியதா, கட்டடத்திற்கு உரியதா? பழைய தோட்ட நிலங்கள் கைமாறும் உலு சிலாங்கூர் போன்ற மாவட்டத்தில் இவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் வாழ்வை மாற்றவல்ல வினா.

பதிவேட்டைப் பார்ப்பதோடு கடமை முடிந்துவிடுவதுமில்லை. பூன்சோம் பூன்யானிட் என்ற தாய்லாந்துப் பெண்மணிக்குப் பினாங்கின் தஞ்சோங் புங்காவில் நிலம் இருந்தது. வேறொருத்தி அவர் பெயரைச் சூடிக்கொண்டு, கள்ளக் கையெழுத்திட்டு, 1989இல் அந்நிலத்தை ஒரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டாள். உரியவருக்குச் செய்தியே தெரியாது. வாங்கிய நிறுவனமோ விலை கொடுத்தே வாங்கியது. வழக்கு நடந்தது. 2000 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் வாங்கிய நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. நிலத்தை விற்காதவர் நிலத்தை இழந்தார். இத்தீர்ப்பு நாட்டின் நில உரிமையாளர் அனைவரையும் அச்சுறுத்தியது. ஒன்பதாண்டுகள் கழிந்து, 2010 ஜனவரியில், டான் யிங் ஹோங் வழக்கில் அதே நீதிமன்றம் முந்தைய விளக்கம் பிழை என்று அறிவித்தது. அவ்வழக்கில் உரிமையாளருக்குத் தம் பெயரில் நிலம் இருப்பதும், அது வங்கியில் ஈடு வைக்கப்பட்டிருப்பதும், கடனைக் கட்டச் சொல்லி வங்கி அனுப்பிய கடிதத்தால்தான் தெரியவந்தன. கள்ளக் கையெழுத்தால் நேரடியாக உரிமை பெற்றவர், நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்திருந்தாலும், அவ்வுரிமை நிலைக்காது என்பதே இன்றைய நிலை.

இதில் வாங்குபவன் உணரவேண்டிய அறம் ஒன்றுண்டு. விற்க வந்திருப்பவர் உண்மையிலேயே உரிமையாளர்தானா என்று கண்டறியும் வழக்கறிஞர், தம் கட்சிக்காரரை மட்டும் காப்பதில்லை. எங்கோ தொலைவில், தம் நிலம் களவாடப்படுவதை அறியாமல் இருக்கும் முன்பின் தெரியாத ஒருவரையும் காக்கிறார். அவசரத்தில் கண்ணை மூடிக்கொள்ளும் வழக்கறிஞரோ இருவரையும் ஒருங்கே கெடுக்கிறார். "வேகமாக முடித்துத் தருபவர்" என்ற பாராட்டைக் கேட்டு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் முன், எவற்றைத் தாண்டி அவ்வேகம் வந்தது என்று எண்ணிப் பார்த்தல் நன்று.

வழக்கறிஞரால் இயலாதவையும் உண்டு. பத்தாங் காலிக்கு வடக்கே, அதே மாவட்டத்தில், லெம்பா பெரிங்கின் என்ற இடம் இருக்கிறது. 1990களில் புதுநகராக உருவாகும் என்று பலர் நம்பிய இடம். 1997ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் அங்கே வீடுகள் கைவிடப்பட்டன. புதர் மண்டிய சுவர்கள் நீண்ட காலம் நின்றன. குடிபுகாத வீட்டுக்குக் கடன் கட்டியவர்களின் துயரை எந்தப் பத்திரத்தாலும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. 2022 டிசம்பர் 16 அன்று பத்தாங் காலியின் மலைச்சாலை ஓரத்தில் நிகழ்ந்த நிலச்சரிவில் முகாமிட்டிருந்த 31 பேர் மாண்டனர். நிலப்பட்டா உரிமையாளர் பெயரைச் சொல்லும். மண்ணின் உறுதியைச் சொல்லாது. அதற்குப் பொறியாளர் வேண்டும். தம் எல்லையை அறிந்து, "இது எனக்குத் தெரியாது; அறிந்தவரைக் கேளுங்கள்" என்று சொல்லும் வழக்கறிஞர் நம்பத்தக்கவர். எல்லாம் தமக்குத் தெரியும் என்பவரிடம் எச்சரிக்கை வேண்டும்.

இதுவரை வழக்கறிஞரின் நேர்மை பேசப்பட்டது. வாங்குபவனின் நேர்மை பேசப்படாவிடில் நீதி அரைகுறையாகிவிடும். புதிய முதலீட்டாளர் சிலர் விரும்பித் தேடும் வழக்கறிஞர் வேறு வகையினர். உண்மை விலையைவிட உயர்த்தி ஒப்பந்தத்தில் எழுதி, வங்கியில் கூடுதல் கடன் பெற்றுத் தருபவரை அவர்கள் "கெட்டிக்காரர்" என்கிறார்கள். கைப்பணம் இல்லாமலே வீடு கிடைக்கிறது என்று களிக்கிறார்கள். ஆனால், ஒருவனுக்காக வங்கியிடம் பொய் சொல்லத் துணிந்தவர், மற்றொருவனுக்காக அவனிடமே பொய் சொல்லத் தயங்குவாரா? வளைந்து கொடுப்பதற்காகவே ஒருவரைத் தேர்ந்தெடுத்தவன், பின்னொரு நாள் அவர் தனக்கெதிராக வளையும்போது முறையிடும் தகுதியை இழக்கிறான். தனக்குக் கிடைக்கும் வழக்கறிஞரின் தரத்தில், ஒருவனது ஆசையின் தரமும் ஓரளவு தெரிந்துவிடுகிறது.

இன்னும் ஆழமான கேள்வி ஒன்று எஞ்சியுள்ளது. வாங்கும் நிலத்தில் எவரேனும் குடியிருக்கிறார்களா? வடசிலாங்கூரில் இக்கேள்வி வெறும் சட்டக் கேள்வியன்று. இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தோட்டங்களில் உழைத்த குடும்பங்கள், நிலம் கைமாறிய பின்பு சொந்த வீட்டுக்காகப் பல்லாண்டுகள் காத்துக் கிடந்தன. அத்தகைய நிலத்தில் ஒரு துண்டை வாங்குபவன், துண்டாடலால் விரட்டப்பட்ட ஒருவரின் பேரனாகவே இருக்கக்கூடும். "காலி நிலம்" என்று விற்பவர் சொல்வார். நல்ல வழக்கறிஞர், "போய்ப் பார்த்தீர்களா? அங்கே அடுப்பு எரிகிறதா?" என்று கேட்பார். வாடகைக்கு இருந்தவர் காலம் முடிந்தும் வெளியேறாவிடில், நீதிமன்றத்தின் வழியன்றி அவரை வெளியேற்றுதல் கூடாதென்பது 1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம். சட்டம் அங்கே நின்றுவிடுகிறது. வாங்குபவனின் மனச்சான்று அதற்கப்பாலும் நடக்கவேண்டியிருக்கிறது. அக்குடும்பத்தின் நிலையை அறிந்தபின் வாங்குவதா, விலகுவதா, உரிய ஏற்பாடு செய்யச் சொல்லி விற்பவரை வற்புறுத்துவதா என்று தேர்வது அவன் பொறுப்பு. அத்தேர்வுக்குத் தேவையான உண்மையை முன்கூட்டியே எடுத்துவைப்பது வழக்கறிஞரின் பொறுப்பு.

ஆகவே, நல்ல வழக்கறிஞரை அறிய ஓர் உரைகல் உண்டு. "இதை வாங்க வேண்டாம்" என்று சொல்ல அவரால் இயலுமா? அப்படிச் சொன்னால் அவர் கட்டணத்தின் பெரும்பகுதியை இழப்பார். தரகரின் நட்பையும் இழக்கக்கூடும். அவ்விழப்புக்கு ஆயத்தமாயிருப்பவரே கட்சிக்காரருக்கு உரியவர். அதுபோலவே, அச்சொல்லைக் கேட்டுப் பின்வாங்கும் துணிவு உள்ளவனே வழக்கறிஞருக்கு ஏற்ற கட்சிக்காரன்.

திருக்குறளில் தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரம் உண்டு. ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் ஐயப்படுவதும் ஆகிய இரண்டுமே தீராத் துன்பம் தரும் என்பது அதன் முடிந்த கருத்து. முதற் பாதியை மட்டும் பிடித்துக்கொள்வோர் எவரையும் நம்பாமல் அலைவர். நாளுக்கொரு வழக்கறிஞரை மாற்றுவர். தேநீர்க்கடைப் பேச்சைக் கேட்டுக் கோப்பைத் திரும்பக் கேட்பர். விசாரணை நம்பிக்கைக்கு எதிரியன்று, அதன் வாயிற்படி. படியைக் கடக்குமுன் எத்தனை கேள்வியும் கேட்கலாம். கடந்தபின், கேட்டறிந்த ஒருவரிடம் உண்மை முழுவதையும் ஒளிக்காமல் சொல்லி, அவர் சொல்லுக்குச் செவிசாய்க்க வேண்டும்.

பாட்டனார் காலத்தில் சம்பளப் புத்தகத்தில் பெருவிரல் பதித்தார்கள். எழுதியிருந்தது என்னவென்று கேட்க அவர்களுக்கு எழுத்தும் இல்லை, உரிமையும் இல்லை. பேரனின் கையில் இன்று பேனா இருக்கிறது. கேட்கும் உரிமையும் இருக்கிறது. கேளாமல் கையெழுத்திட்டால், அவன் பேனாவால் பதிப்பதும் பெருவிரல் ரேகையே.